எழுபது மில்லியன் இலக்கும் தோட்டப்புறத் தாய்மாரும்

1966-இல் குடும்பத் திட்ட வாரியம் அமைத்த மலேசிய அரசு, 1984-இல் நேரெதிர்த் திசையில் திரும்பியது. 1982-இல் பிரதமர் மகாதீர் முன்வைத்த 70 மில்லியன் மக்கள்தொகை கொள்கையாயிற்று; பேறுகால ஊதிய உரிமை மூன்று குழந்தைகளிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. குழந்தைகளுக்கான வருமான வரிக்கழிவும் ஊக்கக் கருவியாயிற்று.

இச்சலுகைகள் யாரைச் சென்றடைந்தன என்பதே நாம் எழுப்பும் வினா. வரிக்கழிவு வரி செலுத்துவோர்க்கே பயன்தரும். நாட்கூலி பெற்ற பால்மரத் தொழிலாளிக்கு அன்று. அவள் வேலைக்குச் செல்லத் துணைநின்றது தோட்டத்து ஆயாக்கொட்டகை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது அதுவும் மறைந்தது. நகர அடுக்ககத்தில் குழந்தைப் பராமரிப்பு செலவாயிற்று.

2020 கணக்கெடுப்பில் குடிமக்களுள் இந்தியர் 6.7 விழுக்காட்டினர், மகப்பேறும் குறைந்துள்ளது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஊக்கமளித்த சட்டம், பிள்ளை வளரும் இடத்தைக் கருதவில்லை என்பதே நாம் காணும் முடிபு.