தண்டுவட மரப்பு நோயும் விலங்குகளின் சொந்தத் தொற்றுகளும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் தண்டுவட மரப்பு நோய்க்குக் கிருமி காரணமா என்று விலங்குகளிடம் தேடத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. 1913இல் புல்லக், நோயாளிகளின் தண்டுவட நீரை முயல்களுக்குச் செலுத்தினார். 1917இல் கூனும் ஷ்டைனரும் முயல்களையும் கினிப்பன்றிகளையும் கொண்டு இதே வழியில் சென்று, சுருள்வடிவக் கிருமி ஒன்றைக் கண்டதாக அறிவித்தனர். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது நிலைக்கவில்லை. மனிதத் திசுவால் விலங்கில் நோயை எழுப்பும் முயற்சிகள் பின்னரும் தொடர்ந்தன, தோற்றன. கருவிகளின் போதாமை மட்டுமே இதற்குக் காரணமன்று. மனிதத் திசு விலங்கில் இந்நோயை எழுப்புமா என்ற கேள்வியே பிழையானது என்பது என் வாதம். விலங்குகள் தமக்கே உரிய வைரஸ்களால் படும் பாடுதான் நமக்கு உண்மையில் கற்பித்திருக்கிறது.

1933இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து ஐஸ்லாந்துக்கு 20 கரகுல் ஆடுகள் வந்திறங்கின. அவற்றோடு வந்த வைரஸ் உள்ளூர் மந்தைகளில் பரவியது. பின்னங்கால் தளர்ந்து, உதடு நடுங்கி, படிப்படியாக முடங்கிய ஆடுகளின் நோய்க்கு 'விஸ்னா' என்று பெயர். இத்தகைய ஆட்டு நோய்களை ஆராய்ந்த பியோர்ன் சிகுர்த்சன் 1954இல் 'மெதுவான தொற்று' என்ற கருத்தை முன்வைத்தார். தொற்றுக்கும் முடக்கத்துக்கும் நடுவே ஆண்டுகள் கழியலாம் என்பது அதன் சாரம்.

அதே 1933இல் தாமஸ் ரிவர்ஸ் கிருமியே இல்லாத மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி, மூளை அழற்சியை உண்டாக்கிக் காட்டினார். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பின் சிலருக்கு ஏற்பட்ட வாதமே அச்சோதனையின் தூண்டுதல். (குன்னூர் பாஸ்டர் நிறுவனம் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த, வயிற்றில் போட்ட ஊசிகளை நம் மூத்த தலைமுறை மறந்திருக்காது.) அதிலிருந்து வளர்ந்த ஈ.ஏ.ஈ. (விலங்குகளில் செயற்கையாக உண்டாக்கும் தன்னெதிர்ப்பு மூளை-தண்டுவட அழற்சி) மாதிரி ஆய்வுலகை ஆண்டது. கிருமியில்லாமலே நோயை வரவழைக்க முடிந்ததால், கிருமியைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போனது.

அந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருந்தது மாக்ஸ் தைலர் 1934இல் வெளியிட்ட சுண்டெலி வைரஸ். இயற்கையில் அது குடலில் தொல்லையின்றி வாழ்கிறது. ஏதோ ஓர் எலிக்கு மட்டும் பின்னங்கால் விழுகிறது. ஹோவர்ட் லிப்டன் 1975இல் இதே வைரஸை எலிகளின் மூளைக்குள் செலுத்தியபோது நோய் இரண்டு கட்டங்களாக வந்தது. முதலில் சாம்பல்நிறப் பகுதி தாக்கப்பட்டது. பிழைத்த எலிகளின் நடை வாரங்கள் கழித்துத் தள்ளாடியது. அப்போது வைரஸ் தண்டுவடத்தின் வெண்பகுதியில் தங்கியிருந்தது, நரம்பைச் சுற்றிய மயலின் உறை கழன்றிருந்தது. எஸ்.ஜே.எல். இன எலிகள் இப்படி வீழ்கின்றன. சி57 கறுப்பெலிகளோ வைரஸை முற்றாகத் துடைத்துவிடுகின்றன. 1997இல் ஸ்டீபன் மில்லர் குழு இன்னும் ஆழமாகப் பார்த்தது. முதலில் வைரஸையே எதிர்த்த டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள், நோய் தொடங்கிய பின் மயலின் புரதங்களையும் தாக்கத் தொடங்கின. தொற்றா, தன்னெதிர்ப்பா என்று கட்சி பிரிந்து நின்றவர்களுக்கு, ஒன்று மற்றொன்றாக மாறும் பாதை அங்கே தெரிந்தது.

மனிதரில் இந்நோய்க்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படும் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான வலுவான சான்றோ மனித இரத்தத்திலிருந்தே வந்தது. அமெரிக்கப் படையினர் 1 கோடிக்கும் மேற்பட்டோரைச் சார்ந்த 2022ஆம் ஆண்டின் ஆய்வில், அத்தொற்றுக்குப் பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. அந்த வைரஸ் சாதாரண எலிகளைத் தொற்றாது. எனினும் அதன் உறவான எலி ஹெர்பஸ் வைரஸ் காமா-68 உடலில் உறங்கும் எலிகளில் ஈ.ஏ.ஈ.யைத் தூண்டியபோது, நோய் கடுமையாகி மனித நோயை மேலும் ஒத்தது என 2012இல் காட்டப்பட்டது.

வளர்ந்தோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சுமக்கிறார்கள். நோயுறுவோர் மிகச் சிலர். தைலரின் குடல் வைரஸும் இதே புதிரைத்தான் வைத்திருந்தது. மூளைக்குள் நேரே ஊசி ஏற்றிய வசதியான முறை, அந்தச் சிலர் யார் என்ற கேள்வியைத் தாண்டிச் சென்றுவிட்டது. ஓரிகானின் குரங்கு ஆய்வு மையத்தில் ஜப்பானியக் குரங்குகளுள் சில, யாரும் எதையும் செலுத்தாமலே மயலின் இழக்கும் நோய்க்கு ஆளாகின்றன; அவற்றிலிருந்து ஒரு ஹெர்பஸ் வைரஸும் பிரித்தெடுக்கப்பட்டது. படைவீரர்களிடம் செய்ததைப் போல, நோய்க்கு முன்பே இரத்தத்தைச் சேமித்து, வீழ்ந்தவற்றையும் தப்பியவற்றையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிடும் ஆய்வை இத்தகைய மந்தைகளில்தான் நடத்த வேண்டும்.