போதகரின் விதவையும் ஒரு பவுண்டு வித்தியாசமும்

1805 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜார்ஜ் ஆஸ்டின் என்ற முதிய பாதிரியார் காலமானார். அவர் வாழ்ந்த காலமெல்லாம் குடும்பத்தைத் தாங்கியது திருச்சபைப் பதவி தந்த வருமானம். அந்த வருமானம் அவரோடு நின்றுபோனது. மனைவியும் திருமணமாகாத இரண்டு பெண்களும் பிள்ளைகளின் தயவில் வாழ வேண்டியவர்களானார்கள். சகோதரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். நிலையான வீடில்லாமல் அந்த மூன்று பெண்களும் நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக இருந்தார்கள். 1809 இல் சகோதரர் எட்வர்ட் தன் பண்ணையைச் சேர்ந்த சாட்டன் கிராமத்து வீட்டைக் கொடுத்த பிறகே அலைச்சல் முடிந்தது. அந்தப் பெண்களில் இளையவர் ஜேன் ஆஸ்டின். 1811 இல் வெளியான அவருடைய முதல் நாவல், தந்தை இறந்ததும் வீட்டை இழக்கும் தாயையும் பெண்களையும் வைத்துத் தொடங்குவதில் வியப்பில்லை.

ஆஸ்டினின் நாவல்களில் வருமானம் இத்தனை துல்லியமாகப் பேசப்படுவதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. ஒரு பாதிரியாரின் மகளுக்கு அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அக்குறை தோன்றாது. பாதிரியாரின் செல்வம் விசித்திரமானது. உயிரோடு இருக்கும்வரை வீடு உண்டு, நிலம் உண்டு, ஊரில் மதிப்பும் உண்டு. இவற்றில் எதுவும் அவருடையதல்ல. அவர் இறந்ததும் அடுத்த பாதிரியார் வண்டியில் சாமான்களோடு வந்து இறங்கிவிடுவார். விதவை வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இந்தத் துயரம் எல்லோருக்கும் தெரிந்ததே. லண்டனில் 1655 முதலே 'பாதிரியார்களின் மைந்தர்கள்' என்ற அமைப்பு செயின்ட் பால் தேவாலயத்தில் ஆண்டுதோறும் ஆராதனை நடத்தி, காணிக்கை திரட்டி, வறிய பாதிரியார் குடும்பங்களுக்கு உதவி வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது தர்மம். தர்மத்தைப் பெற, முதலில் ஏழையாகிவிட வேண்டும். பிறகு அந்த ஏழ்மையை மனு எழுதி நிரூபிக்க வேண்டும். நேற்றுவரை ஊரார் ஆறுதல் தேடி வந்த வீட்டின் தலைவி, இன்று ஆறுதல் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும்.

இதற்கு மாற்று தேடிய முதல் மனிதர்களில் ஒருவர் கென்ட் பகுதியில் பெக்கன்ஹாம் என்ற ஊரின் பாதிரியாரான வில்லியம் அஷெட்டன். கணவன் உயிரோடிருக்கும்போதே ஒரு தொகையைக் கட்டிவிட்டால், அவன் இறந்தபின் விதவைக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுத்தொகை கிடைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். லண்டன் வணிகர்களின் பழைமையான சங்கங்களில் ஒன்றான மெர்சர்ஸ் சங்கம் 1690களின் கடைசியில் அதை ஏற்று நடத்தியது. கட்டிய ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் விதவைக்கு ஆண்டுதோறும் 30 பவுண்டு என்றார்கள். பிறகு விகிதத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 1745 இல் பணம் கொடுப்பதே நின்றுபோனது. கடைசியில் பாராளுமன்றம் தலையிட்டு மானியம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அஷெட்டனின் நல்லெண்ணத்தில் பிழையில்லை. எத்தனை பேர் எப்போது இறப்பார்கள், அவர்களின் விதவைகள் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்பதை யாரும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. பிழை அங்கே இருந்தது.

மெர்சர்ஸ் சங்கம் கைவிரித்ததற்கு முந்தைய ஆண்டில் ஸ்காட்லாந்தில் வேறொரு திட்டம் சட்டமாகியிருந்தது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

*

ஸ்காட்லாந்துத் திருச்சபை பிரெஸ்பிடேரியன் மரபைச் சேர்ந்தது. அங்கே போதகர் பணி ஆயுள் முழுமைக்குமானது. ஓய்வு என்ற சொல்லுக்கு இன்று நாம் கொடுக்கும் பொருள் அவர்களுக்குத் தெரியாது. பிரசங்க மேடையிலிருந்து கல்லறைக்கு என்பதே வழக்கம். போதகர் இறந்தால் குடும்பத்துக்கு அரை ஆண்டுச் சம்பளம் உரிமையாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

1740களின் தொடக்கத்தில் எடின்பரோவின் இரண்டு போதகர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் ராபர்ட் வாலஸ்: தத்துவமும் கணிதமும் அறிந்தவர், நிதானமானவர். மற்றவர் அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர்: டால்பூத் ஆலயத்தின் போதகர், எழுப்புதல் இயக்கத்தின் ஆதரவாளர், உணர்ச்சி மிக்க பிரசங்கி. திராட்சை மதுவை எவ்வளவு குடித்தாலும் தடுமாறாதவர் என்பதால் நண்பர்கள் பெரிய புட்டியின் லத்தீன் பெயரைத் திருப்பிப்போட்டு அவருக்கு 'டாக்டர் போனம் மேக்னம்' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். நண்பன் ஒருவனுக்காகப் பெண் பேசப் போய், 'உங்களுக்காகப் பேசியிருந்தால் பலித்திருக்கும்' என்று அந்தப் பெண்ணே சொல்ல, அவளையே மணந்துகொண்டார் என்று ஒரு கதையும் உண்டு. இறையியலில் இருவரும் வெவ்வேறு முகாம்கள். விதவைகளின் விஷயத்தில் ஒன்று சேர்ந்தார்கள்.

அவர்கள் முதலில் செய்தது கடிதம் எழுதுவது. 1742 இல் ஸ்காட்லாந்து முழுவதிலுமுள்ள போதகர் வட்டங்களுக்குக் கேள்விகள் போயின. உங்கள் வட்டத்தில் எத்தனை போதகர்கள்? கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள்? எத்தனை பேர் மனைவியை விட்டுச் சென்றார்கள், எத்தனை பேர் குழந்தைகளை? பதில்கள் வந்து சேர்ந்தபோது ஒரு சித்திரம் கிடைத்தது. எந்த நேரத்திலும் பணியில் இருப்போர் 930 பேர். ஆண்டுக்குச் சராசரியாக 27 பேர் இறக்கிறார்கள். அவர்களில் 18 பேர் விதவையை விட்டுச் செல்கிறார்கள். மனைவி இல்லாதவர்களில் 5 பேர் குழந்தைகளை மட்டும் விட்டுச் செல்கிறார்கள். மீதி நால்வருக்குப் பின்னால் யாருமில்லை.

இப்படி எண்ணுவதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. இன்று போலந்தில் விரோட்ஸ்வாஃப் என்று அறியப்படும் பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்பு விவரங்களைக் கொண்டு எட்மண்ட் ஹாலி 1693 இல் ஓர் ஆயுள் அட்டவணை வெளியிட்டார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். அந்த விவரங்களைத் திரட்டியவர் காஸ்பர் நாய்மன், அந்நகரின் போதகர். ஏழின் மடங்கான வயதுகளும் ஒன்பதின் மடங்கான வயதுகளும் உயிருக்கு ஆபத்தானவை என்ற மூடநம்பிக்கை உண்மையா என்று பார்க்கவே அவர் பதிவேடுகளைப் புரட்டினார். உண்மையில்லை என்று கண்டார். ஞானஸ்நானமும் அடக்கமும் எழுதி வைக்கப்பட்ட ஏடுகள் போதகர்களின் அலமாரியில்தான் இருந்தன. இறப்பைப் பற்றிய கணிதம் அவர்கள் வீட்டு வாசலில் பிறந்தது தற்செயலல்ல.

*

எண்களைத் திரட்டியதைவிட, அவற்றிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு முக்கியமானது. எளிய வழி ஒன்று கண்ணெதிரே இருந்தது. எல்லாப் போதகர்களும் ஆண்டுதோறும் சந்தா கட்டட்டும். அந்த ஆண்டு இருக்கும் விதவைகளுக்கு அதைப் பகிர்ந்து கொடுத்துவிடலாம். வாலஸும் வெப்ஸ்டரும் இதை ஏற்கவில்லை. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கின் மூலம் பார்க்கலாம்.

திட்டத்தில் நான்கு படிகள் இருந்தன. ஆண்டுக்கு 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டினால் விதவைக்கு 10 பவுண்டு. உச்சப் படியில் 6 பவுண்டு 11 ஷில்லிங் 3 பென்ஸ் கட்டினால் 25 பவுண்டு. தாயில்லாத குழந்தைகளுக்கு 100 முதல் 250 பவுண்டுவரை ஒரே தொகை. விளக்கத்துக்காக, 930 பேரும் மூன்றாம் படியான 5 பவுண்டு 5 ஷில்லிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வரவு சுமார் 4,880 பவுண்டு. முதல் ஆண்டில் 18 விதவைகளுக்குத் தலைக்கு 20 பவுண்டு, ஐந்து குடும்பத்துக் குழந்தைகளுக்குத் தலா 200 பவுண்டு. செலவு 1,360 பவுண்டுதான். பெட்டி நிரம்பி வழிகிறது. சந்தாவைக் குறைக்கலாமே, உதவியைக் கூட்டலாமே என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் விதவைகள் ஆண்டுதோறும் 18 பேர் சேர்ந்துகொண்டே போவார்கள். ஒருவர் சராசரியாக 15 ஆண்டு வாழ்வதாகக் கொண்டால், ஒரு கட்டத்தில் 270 பேர் இருப்பார்கள். அப்போது ஆண்டுச் செலவு 6,400 பவுண்டு; வரவோ அதே 4,880. ஏறத்தாழ 1,500 பவுண்டு துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அடைக்க நான்கு சதவீத வட்டி ஈட்டும் 38,000 பவுண்டு முதல் கையில் இருக்க வேண்டும். அதைச் சேர்க்கக்கூடிய காலம், பெட்டி நிரம்பி வழிவதாகத் தோன்றும் அந்தத் தொடக்க ஆண்டுகள் மட்டுமே.

மூலதனம் சேர்த்து, கடனாகக் கொடுத்து, அதன் வருவாயையும் கொண்டு விதவைகளைக் காப்பது என்ற அவர்களுடைய யோசனையின் சாரம் இதுதான். இன்றைய ஓய்வூதிய நிதிகள் எல்லாம் இந்தப் பொறுமையின் மேல் நிற்பவை. கணக்கைச் சரிபார்க்க எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் காலின் மக்லாரினை நாடினார்கள். நியூட்டனே சிபாரிசு செய்து அப்பதவிக்கு அனுப்பிய மனிதர் அவர். 1743 இல் திருச்சபையின் பொதுப்பேரவை திட்டத்தை ஏற்றது. அவ்வாண்டு பேரவைத் தலைவர் வாலஸ்தான். 1744 இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. போதகர்களோடு செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, எடின்பரோ பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள்.

*

நாளைய தினத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று மலைப்பிரசங்கத்தை வாசித்துக் காட்டுபவர்கள், தம் மரணத்துக்கு வட்டி கணக்கிடலாமா? வானத்துப் பறவைகள் சந்தா கட்டுவதில்லையே. திருப்பணியில் இருப்போர் பணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சங்கடம் எழும். நம்பிக்கைக் குறைவு என்று பிறர் சொல்லாவிட்டாலும் மனசாட்சி சொல்லும்.

எனக்குத் தோன்றுவது இது. அந்த வசனம் ஒரு மனிதன் தன் நாளையைப் பற்றிக் கவலைப்படுவதைக் குறிக்கிறது. வாலஸும் வெப்ஸ்டரும் எண்ணியது பிறர் நாளைகளை. 27 பேரில் யார் அந்த ஆண்டு இறப்பார்கள் என்று கணக்கு சொல்லாது; அது அவர்களுடைய இறைவனின் கையில் இருந்தது, அங்கேயே விட்டார்கள். 27 பேர் இறப்பார்கள் என்பது மட்டும் தெரிந்தது. தெரிந்த பிறகு ஏற்பாடு செய்யாமலிருப்பதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்க முடியாது. பின்னால் யாருமில்லாத அந்த நால்வரின் சந்தா, அவர்கள் முகமறியாத ஒரு விதவையின் அடுப்பை எரித்தது. அவளும் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. மனு எழுதத் தேவையில்லை. அவள் பெற்றது அவள் கணவன் செலுத்திய பணத்துக்கான உரிமை. பிச்சைக்கும் உரிமைக்கும் இடையிலான தூரத்தை இரண்டு போதகர்களும் ஒரு கணித ஆசிரியரும் கடந்தார்கள்.

அந்தக் கணித ஆசிரியரின் முடிவு சோகமானது. 1745 இல் ஜேக்கபைட் கிளர்ச்சிப்படை எடின்பரோவை நெருங்கியபோது நகரின் அரண்களைச் சீர்படுத்தும் வேலையில் மக்லாரின் இரவு பகலாக உழைத்தார். நகரம் வீழ்ந்தது, இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார், உடல்நலம் கெட்டது. 1746 ஜூன் மாதம் 48 வயதில் இறந்தார். மனைவியும் குழந்தைகளும் நின்றார்கள். சட்டம் வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் சரிபார்த்த 27 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த வீடுகளைப் போல அவர் வீடும் ஆயிற்று.

நிதி தப்பிப் பிழைத்தது. 1765 இல் அதன் மூலதனம் 58,348 பவுண்டாக இருக்கும் என்பது முன்கூட்டிப் போட்ட கணக்கு. அவ்வாண்டு இருந்தது 58,347 பவுண்டு. ஒரு பவுண்டு குறைந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த நிதி வாழ்ந்தது. கடல் கடந்து 1759 இல் பிலடெல்பியாவின் பிரெஸ்பிடேரியன் போதகர்கள் இதே நோக்கத்துக்கு ஒரு கழகத்தை நிறுவினார்கள். எடின்பரோவிலேயே 1815 இல் போதகரல்லாத குடும்பங்களுக்கும் 'ஸ்காட்டிஷ் விடோஸ்' என்ற ஆயுள் காப்புச் சங்கம் தோன்றியது. எண்ணும் பழக்கமும் பரவியது. வெப்ஸ்டர் 1755 இல் ஸ்காட்லாந்தின் மக்கள்தொகையை 12,65,380 என்று கணக்கிட்டார். வாலஸ் மானுட எண்ணிக்கையைப் பற்றி டேவிட் ஹியூமோடு விவாதித்தார். பின்னாளில் மால்தஸ் அந்த எழுத்தைத் தம் நூலில் குறிப்பிட்டார். மால்தஸும் ஒரு பாதிரியார்தான்.

1765 இன் அந்த ஒரு பவுண்டு வித்தியாசம் பொருளாதார வரலாற்று நூல்களில் வியப்போடு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்கு அதைவிட நினைவில் நிற்பது வேறு. நியூட்டனின் கண்டுபிடிப்புகளை விளக்கி மக்லாரின் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1748 இல் லண்டனில் அச்சானது. பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஆசிரியரின் குழந்தைகளுக்காக அச்சிடப்பட்டது என்று அதன் முகப்பில் இருக்கிறது.