கார்க் கூரையில் வெயில்: ஒரு முயற்சியின் வரலாறும் கரியாலூர் ஏற்றமும்

வாகனத்தின் கூரையில் விழும் வெயிலைக் கொண்டே அவ்வாகனத்தை ஓட்டலாம் என்னும் எண்ணம் சிலிக்கான் சூரிய மின்கலம் பிறந்த மறு ஆண்டிலேயே உருப்பெற்றுவிட்டது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் உருவாக்கிய கலம், தன்மீது பட்ட ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. 1955இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சிகாகோவில் காட்சிக்கு வைத்த 'சன்மொபில்' 12 செலினிய ஒளிக்கலங்களால் நகர்ந்தது என்றாலும், அது 15 அங்குல நீள மாதிரிதானே தவிர ஆள் ஏறும் கார் அன்று. ஆள் ஏறிச் சென்ற சூரியக் கார்களின் நெடும்பயணக் காலம் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. 1982 இறுதியில் பெர்த்தில் புறப்பட்ட ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப்பும் லாரி பெர்கின்ஸும் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரைக் கடந்து 1983 தொடக்கத்தில் சிட்னியை அடைந்தனர். 1987இல் அந்நாட்டில் தொடங்கிய உலகச் சூரியக் கார்ப் போட்டி பல்கலைக்கழகங்களை இத்துறைக்கு இழுத்தது. எனினும் அவை எடை குறைந்த, உடலெங்கும் கலங்கள் பரப்பிய பந்தய வண்டிகளாகவே இருந்தன. குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் சுமக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

இவ்வேறுபாட்டை உள்ளிருந்தே அறிந்த இந்தியர் ஒருவர் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவராக 1990இல் 'சன்ரன்னர்' சூரியக் கார்க் குழுவில் பணியாற்றிய சேத்தன் மைனி, 2001இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' மின்காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் கூரையில் சூரிய மின்தகடு பொருத்தவில்லை. அக்கார் சுவரிலுள்ள மின்செருகுவாயிலிருந்தே மின்னேற்றம் பெற்றது. வெயிலை நம்பிய ஒருவரே கூரையை விட்டுச் சுவரைத் தேர்ந்தது இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

கூரைத் தகடு பின்னர் ஹைபிரிட் காரில் வந்து சேர்ந்தது. ஹைபிரிட் கார் என்பது பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் வாகனம். 1997இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் அவ்வகையில் பெருமளவு உற்பத்தியான முதல் கார். அதன் மூன்றாம் தலைமுறையில், 2009இல், கூரைத் தகடு ஒரு விருப்பத் தேர்வாக வந்தபோது, அது வெயிலில் நிற்கும் காரின் வெப்பக் காற்றை வெளியேற்றும் விசிறியை மட்டுமே சுழற்றியது. ஓட்டத்துக்கான பேட்டரியில் வெயில் சேர்ந்தது 2017இல் ஜப்பானில் விற்ற, வெளியிலிருந்தும் மின்னேற்றக்கூடிய பிளக்-இன் வகையில்தான். அதன் 180 வாட் தகட்டால் நாளொன்றுக்குச் சராசரியாக 2.9 கிலோமீட்டர் ஓடலாம் என நிறுவனம் கணக்கிட்டது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் காரோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு மிச்சமாவது 50 லிட்டரைச் சற்றே தாண்டும். அதுவும் கார் நாள்தோறும் திறந்த வெயிலில் நின்றால் மட்டுமே.

என்ஜினோடு கூரைத் தகடும் சேரும் இவ்வமைப்புக்கு இந்தியாவில் மிக நெருங்கிய முன்மாதிரி தண்டவாளத்தில் கிடைக்கிறது. 2017 ஜூலையில் டெல்லியில் தொடங்கிவைக்கப்பட்ட டீசல் ரயிலின் பெட்டிகள் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. அவற்றுள் ஆறு பெட்டிகளின் கூரைகளில் 300 வாட் தகடுகள் தலா 16 பொருத்தப்பட்டன. ரயிலை இழுத்தது டீசல் என்ஜின். வெயில் விளக்குகளையும் மின்விசிறிகளையும் இயக்கியது. இவ்வேலைப் பிரிவினையே சரியானது எனக் கொள்ள வேண்டும். வெயிலே வாகனத்தை நகர்த்திய வெற்றி நீரில் நிகழ்ந்தது: அதே 2017 ஜனவரியில் கேரளத்தின் வைக்கம்–தவணக்கடவு வழித்தடத்தில் 75 பேர் ஏறும் 'ஆதித்யா' படகு ஓடத் தொடங்கியது. அகன்ற கூரை, மெதுவான வேகம், ஏற்றமே இல்லாத பாதை ஆகிய மூன்றும் அதற்கு வாய்த்தன.

இம்மூன்றும் வாய்க்காத இடம் கல்வராயன் மலை. ஜாகீர்தார்களின், அதாவது நிலத்தின் மீதும் வரியின் மீதும் பரம்பரை உரிமை கொண்டிருந்த தலைமைக் குடும்பங்களின், ஆளுகையிலிருந்து 1976இல்தான் விடுபட்ட இம்மலையின் மலையாளிப் பழங்குடியினருக்குக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறும் ஒவ்வொரு பயணத்தின் எரிபொருள் செலவும் பெரிது. ஆகவே கூரை வெயிலின் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்பது அவசியம். அடிவாரத்திலிருந்து மலைமேலுள்ள கரியாலூர்ப் பக்கம் 600 மீட்டர் ஏற்றம் எனக் கொண்டால், 1,500 கிலோ எடையுள்ள காரைத் தூக்குவதற்கு மட்டும், உராய்வும் காற்றுத் தடையும் சேராமலே, ஏறத்தாழ இரண்டரை யூனிட் ஆற்றல் வேண்டும் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணிநேரம் உண்ணும் மின்சாரம்). 180 வாட் தகடு நல்ல வெயில் நாளில் தருவதோ முக்கால் யூனிட் அளவே. ஒரே ஒரு ஏற்றத்துக்கு நான்கு நாள் வெயில் தேவை என்றாகிறது. மரநிழலும் ஐப்பசி, கார்த்திகை மேகமும் அந்நாள்களை மேலும் நீட்டும்.

இதனினும் நுட்பமான தடை ஒன்று உண்டு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஹைபிரிட் காரின் மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்புகிறது. பழைய பிரியஸின் பேட்டரி 1.3 யூனிட் கொள்ளளவே உடையது. ஆயுளைக் காக்க அதில் ஏறத்தாழப் பாதியே பயன்படும். கரியாலூரில் பகலெல்லாம் நின்ற கார் வெயிலால் பேட்டரியை நிரப்பிக்கொண்டால், கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மலைச்சரிவு இலவசமாகத் தரும் மின்சாரத்துக்கு இடமிராது. வெயிலும் சரிவும் ஒரே சிறு பேட்டரிக்குப் போட்டியிடுகின்றன. தகட்டின் எடையும், சட்டகம் அமைத்து உயர்த்திப் பொருத்தினால் கூடும் காற்றுத் தடையும் தனிச் செலவு.

அதே தகடுகள் வீட்டுக் கூரையில் வெயிலை நோக்கிச் சாய்ந்து நின்றால் கதை மாறுகிறது. 3 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்கு 12 யூனிட் வரை தருகிறது. 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. அந்த மின்சாரத்தை ஏற்கும் கார், பிளக்-இன் ஹைபிரிட்டாகவோ முழு மின்காராகவோ இருந்தாக வேண்டும். 2022 இறுதியில் இந்தியாவில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் அதற்கான மின்செருகுவாய் இல்லை.