கண்ணிவெடியிலிருந்து மீண்ட கப்பல்

எம்டனை அறியாத தமிழர் இலர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின்மீது குண்டு பொழிந்த அச்செருமானியக் கப்பலின் பெயர், சூழ்ச்சிக்காரரைக் குறிக்கும் சொல்லாகவே நம் வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்டது. ஆயின் அதனினும் ஓசையின்றி வந்த 'வோல்ஃப்' என்னும் கப்பலை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? ஓநாய் என்பது அப்பெயரின் பொருள், பொருத்தமான பெயர்தான்.

1916 நவம்பர் 30இல் கீல் துறைமுகத்தினின்று புறப்பட்ட இக்கப்பல், தலைவர் நெர்கரின் ஆணையின்கீழ், சரக்குக் கப்பல் போல் வேடம் புனைந்து நானூறுக்கு மேற்பட்ட கண்ணிவெடிகளைச் சுமந்து வந்தது. 1917 பிப்ரவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் அப்பால் அவற்றைக் கடலில் விதைத்துச் சென்றது. அம்மாதம் 17இல் 'உஸ்டர்ஷயர்', 21இல் 'பெர்சியஸ்' ஆகிய கப்பல்கள் கொழும்புக்கு அருகே மூழ்கின.

மலைநாட்டில் வாழும் நமக்குக் கடற்செய்தி எதற்கு என்று கேட்பாருளர். மூணாற்றுத் தேயிலை அந்நாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடி சென்று கப்பலேறியது. நம் முன்னோர் கிள்ளிய கொழுந்தும் அக்கடலைக் கடந்தே இலண்டன் சேர்ந்தது.

மூழ்கியவற்றினும் மீண்டதொன்றே நம் கருத்தைக் கவர்கின்றது. 1917 ஜூன் 11 அன்று பம்பாயை நோக்கி வந்த 'சிட்டி ஆஃப் எக்சிடர்' கண்ணிவெடியில் மோதியது. முன்புறச் சரக்கறையில் நீர் புகுந்தது. பயணியர் படகுகளில் இறக்கப்பட்டனர். கப்பல் தாழ்ந்தும் மூழ்காதிருக்கக் கண்ட தலைவர் சேதத்தை ஆராய்ந்து, அனைவரையும் மீண்டும் ஏற்றி, கப்பலின் சொந்த நீராவி வலிமையாலேயே பம்பாய் சேர்த்தார்.

வெடிபட்ட கப்பலின் உயிர் அறைகளைப் பிரிக்கும் இரும்புத் தடுப்புச் சுவரில் இருக்கிறது. அச்சுவர் நின்றால், மரங்களால் முட்டுக்கொடுத்து, பம்பினால் நீரிறைத்து, மெல்ல ஓட்டிக் கரை சேர்க்கலாம். பின்னர் உலர்துறையில் ஏற்றித் தகடு மாற்றலாம். சுவர் உடைந்தால் எல்லாம் முடிந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, ஜூன் 23இல், அதே பம்பாய்க் கடலில் 'மங்கோலியா' சில நிமிடங்களில் மூழ்கி 23 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இங்கு ஒன்றை எண்ணுதல் வேண்டும். அக்காலத்து இக்கடல்வழிக் கப்பல்களின் அடித்தளத்தில் கரியள்ளியவர் பெரும்பாலும் நம் நாட்டு லஸ்கர்களே. துளைபட்ட கப்பலில் மறுபடி இறங்கிக் கொதிகலனுக்குத் தீமூட்டுவதென்பது, மேல்தளத்தில் நின்று ஆணையிடுவதினும் கடினமான துணிவு. வரலாற்று நூல்கள் தலைவரைப் புகழ்கின்றன, புகழட்டும்.

செப்பனிடப்பட்ட அக்கப்பல் இரண்டாம் உலகப் போரையும் கடந்து, 1950இல்தான் உடைக்கப்பட்டது.