சிலுவை

யாங்கோனில் ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் கலையும் கோயில் வாசலில், வீட்டு வாடகை உயர்ந்ததையும் முழங்கால் வலியையும் “எல்லாம் என் சிலுவை” என்று நம்மவர் பெருமூச்சோடு சொல்லக் கேட்கும்போதெல்லாம், அடிமைகளுக்கும் கலகக்காரருக்குமென ரோமர் வைத்திருந்த கொலைமரத்தின் பெயர் இத்தனை சாதுவாகிவிட்டதே என்று எனக்கு வியப்பாக இருக்கும். சிரியாக் மொழியின் ‘ஸ்லீபா’வே மலையாளக் கரைத் தோமையார் கிறிஸ்தவரிடம் ‘ஸ்லீவா’ என்றும் நம்மிடம் சிலுவை என்றும் வழங்குகிறது. அரபியின் ‘ஸலீப்’ அதற்கு உடன்பிறப்பு. போர்த்துக்கீசியர் தந்த ‘குருசு’ என்ற சொல்லோ கடற்கரையூர்க் குருசடிகளில் தங்கிவிட்டது. தனித்தமிழ் அன்பர் சிலர் கழுமரம் என்பார்கள். ஆனால் கழு உடலில் பாயும் கூர்முனையாதலாலும், சொன்ன மாத்திரத்தில் மதுரையில் சமணர் கழுவேறிய கதையே நினைவில் எழுவதாலும், அதை ஏற்க எனக்குச் சம்மதமில்லை. கொரிந்து நகரத்தாரிடம் சிலுவையில் அறையுண்டவரையன்றி வேறெதையும் பேசுவதில்லை என்று பவுல் தீர்மானித்தது, கேட்டோர் முகஞ்சுளிக்கும் அந்தக் கொலைமரத்தின் அவமானத்தை மறைக்க மனமின்றியே. மிஷனரி ஜட்சன் 1834இல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமத்தில் சிலுவைக்கு ‘லெவாகட்டைன்’, அதாவது உள்ளங்கை பதிந்த கம்பம், என்று பெயர்; மூட்டுவலிக்கு அதை இரவல் வாங்குவது அவ்வளவு எளிதல்ல.