பிகாஸ், சின்ஸ்: காரணம் சொல்லும் இரு முறைகள்

ஆங்கிலத்தில் காரணம் சொல்லும் இணைப்புச் சொற்களான பிகாஸையும் சின்ஸையும் பள்ளி இலக்கணம் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். 'ஏன் வரவில்லை?' என்று கேட்டவருக்கு பிகாஸில் தொடங்கி விடை சொல்லலாம். சின்ஸில் தொடங்கினால் அது விடையாகாது. 'ஒன்லி' என்ற சொல்லை முன்னால் சேர்த்து, 'இதனால்தான்' என்ற அழுத்தத்தை பிகாஸுக்குத் தரலாம். சின்ஸ் அதை ஏற்பதில்லை.

பிகாஸ் பெரும்பாலும் கேட்பவர் அறியாத காரணத்தைக் கொண்டுவருகிறது; ஆகவே வாக்கியத்தின் பின்பாதியே அதற்கு இயல்பான இடம். சின்ஸ் இருவரும் அறிந்த ஒன்றின்மேல் நின்று பேசுகிறது. ஆகவே முன்பாதியை நாடுகிறது. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்' என்பதில் முதல் பாதி செய்வதுதான் சின்ஸின் வேலை.

தெளிவு குலையும் இடத்திலும் இவை எதிரெதிர். 'ஹீ டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஹீ வாஸ் ஆங்ரி' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கோபத்தினால் அவர் பதவி விலகாமல் இருந்தார் என்றும் கொள்ளலாம். விலகினார், ஆனால் கோபம் காரணமன்று என்றும் கொள்ளலாம். எதிர்மறைச் சொல் எதுவரை பாய்கிறது என்பதில்தான் குழப்பம். சின்ஸை வைத்தால் முதற்பொருள் மட்டுமே நிற்கும். 'சின்ஸ் ஷீ லெஃப்ட், சேல்ஸ் ஹாவ் ஃபாலன்' என்பதிலோ, அவர் போனதிலிருந்து விற்பனை சரிந்ததா, போனதால் சரிந்ததா என்பது விளங்காது. அங்கே பிகாஸ் வந்து ஐயத்தைத் தீர்க்கும். ஒன்றின் குறைக்கு மற்றொன்றே மருந்தாக அமைந்திருப்பது வியப்பளிக்கிறது.

காலத்துக்கும் காரணத்துக்கும் இடையிலான இந்தத் தடுமாற்றம் சின்ஸின் பிறவியிலேயே இருக்கிறது. 'அதற்குப் பின்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது அது. பிகாஸோ 'காரணம்' என்ற பெயர்ச்சொல்லையே உள்ளே வைத்திருக்கிறது. பிரெஞ்சில் சின்ஸுக்கு இணையான 'ப்விஸ்க' என்ற சொல்லிலும் 'பிறகு' என்பதே உறைந்திருக்கிறது. ஜெர்மனில் இன்று காரணம் சொல்லும் 'வைல்' ஒரு காலத்தில் நேரத்தைக் குறித்தது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதைக் கண்டே மனிதர் காரணத்தை ஊகிக்கிறார்கள் என்பதற்கு மொழிகளே சான்று. சின்ஸைக் காலத்துக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்ற சில பதிப்பாசிரியர்களின் விதி, ஆகவே, எனக்கு ஏற்புடையதாக இல்லை. காரணப் பொருள் அதற்குப் பல நூற்றாண்டுச் சொத்து. ஐயம் எழும் வாக்கியத்தில் மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டும் நெருங்கும் இடமும் உண்டு. 'அவர் வீட்டில் இருக்கிறார், பிகாஸ் விளக்கு எரிகிறது' என்கிறோம். விளக்கு அவரை வீட்டில் இருத்தவில்லை. நாம் அப்படி முடிவுசெய்ததற்குத்தான் அது ஆதாரம். 'சின்ஸ் யூ ஆஸ்க்' என்று தொடங்கும்போதும், சொல்லப்போகும் செய்திக்கன்று, அதைச் சொல்வதற்கே காரணம் காட்டுகிறோம். இரண்டுமே இங்கே நிகழ்ச்சியை விட்டுப் பேசுபவரின் பக்கம் வந்துவிடுகின்றன.