இருக்கையும் எரிபொருளும்: சிறு படகின் வரலாற்றில் ஒரு பலகை

மலைநாட்டில் இருந்துகொண்டு படகைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என்னும் ஐயம் வாசகர்க்கு எழலாம். இக்கட்டுரைப் பொருளைக் கேட்ட நண்பர் ஒருவர் நகைக்கவும் செய்தார். ஆயினும் கண்டி மாநகரை மூன்று புறமும் வளைத்து ஓடுவது மகாவலி கங்கை. மேற்கேயிருந்து தலைநகரை நாடி வந்தோர் அதனைக் கடந்தே ஆகவேண்டியிருந்தது. 1833-ஆம் ஆண்டிலே பேராதனையில் முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் அமைக்கப்படும்வரை அவ்விடத்தில் ஆற்றைக் கடத்தியது ஓடமே. அப்பாலமும் 1905-இல் நீக்கப்பட்டுப் புதியதொன்று எழுந்தது. பாலங்களின் வரலாற்றை எழுதியோர் பலர். ஓடத்தின் வரலாற்றை எழுதியோர் அரியர். ஈண்டு நாம் நோக்க எடுத்துக்கொண்டது படகின் ஓர் உறுப்பை மட்டுமே. அதுவே இரு பக்கங்களையும் இணைத்துக் குறுக்கே கிடக்கும் இருக்கைப் பலகை.

துடுப்பின் காலத்தில் இப்பலகைக்கு இரண்டு தொழில்கள் இருந்தன. ஒன்று, வலிப்போன் அமர்ந்து உடலை ஊன்றுவதற்கு இடமளித்தல். மற்றது, படகின் பக்கங்கள் நீரின் அழுத்தத்தால் உள்ளொடுங்காமலும் பாரத்தால் அகன்று விரியாமலும் பிடித்து நிற்றல். இரண்டாம் தொழில் அமர்ந்திருப்போன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பலகையை அறுத்தெடுத்த பின்னரே அது தெரியவரும்.

இயந்திரம் வந்து இந்நிலையை மாற்றியது. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்புறத்தே வெளியில் மாட்டக்கூடிய சிறு இயந்திரத்தை 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொடக்ககால இயந்திரங்களில் எரிபொருட் கலம் இயந்திரத்தின் மேலேயே அமைந்திருந்தது. எண்ணெய் தன் பாரத்தாலேயே கீழிறங்கும். வேறு இடம் அதற்குத் தேவைப்படவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இயந்திரங்களின் வலு பெருகவே அச்சிறு கலம் போதாதாயிற்று. 1949-ஆம் ஆண்டளவில் குழாய் வழியாக இணைக்கப்படும் தனிக்கலம் சந்தைக்கு வந்தது. அன்று தொடக்கம் எண்ணெய்க்கும் படகினுள்ளே ஓர் இடம் தேடவேண்டியதாயிற்று. வலிப்போன் எழுந்து சென்றதால் வெறுமையான இருக்கையின் அடிப்பாகமே அதற்கு வாய்த்தது.

இலங்கையில் மீன்பிடிக் கலங்களுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி 1950களில் அரச ஆதரவுடன் முனைப்புப் பெற்றது. 28 அடி நீளமான மூன்றரைத் தொன் படகுகளில் டீசல் இயந்திரம் உள்ளேயே இருந்தது. சிறு தொழிலாளரை மாற்றியதோ வெளியிற் பூட்டும் இயந்திரமே. 1967-இல் நோர்வே நாட்டார் துணையுடன் தோன்றிய சீநோர் நிறுவனம் காரைநகரில் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. எவின்ரூட்டின் தாயகத்தாரே அவர் ஆக்கிய இயந்திரத்துக்கேற்ற படகையும் நம் கரைக்குக் கொண்டுவந்தனர் என்பது சுவையான ஒற்றுமை. பெற்றோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இயந்திரங்கள் பரவியமையால் ஒரு படகில் இரு கலங்கள் வேண்டியிருந்தன. பிளாஸ்ரிக் கான்கள் காலடியில் உருண்டன. அவற்றை ஒழுங்குபடுத்தி இருக்கையையே கலமாக்கும் எண்ணம் இவ்வாறே எழுகின்றது.

எண்ணம் நன்றே. பாரம் தாழ்ந்து நிற்கும், இடம் மிச்சமாகும், கலம் படகின் நடுவை அண்டியிருப்பின் எண்ணெய் குறையக் குறைய அணியமோ கடையாலோ ஏறித் தாழாது. ஆயின் மரப்படகில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. மரம் தானாகவே மிதக்கும். கண்ணாடியிழை நீரிலும் கனமானது. ஆகவே படகு நீர் நிறைந்தாலும் அமிழாதிருக்கும்படி இருக்கையின் உட்குழிவில் நுரைப்பொருளை அடைப்பது வழக்கம். அதாவது பலகைக்கு மூன்றாவதொரு தொழில் வந்து சேர்ந்தது. கலம் வைப்போன் அந்நுரையையே தோண்டி எடுக்கிறான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 120 சென்ரிமீற்றர் நீளமும் 35 அகலமும் 30 உயரமும் உள்ள இருக்கையின் கொள்ளளவு 126 லீற்றர். நுரை நிறைந்த நிலையில் அது மகாவலி நீரில் ஏறத்தாழ 120 கிலோவைத் தாங்கும். கடலில் இன்னும் மூன்று கிலோ கூடுதலாகத் தாங்கும். அவ்விடத்தைப் பெற்றோல் நிரப்பினால், லீற்றருக்கு ஏறத்தாழ 740 கிராம் வீதம், விரிவுக்கு இடம் விட்டும் 90 கிலோ ஏறுகிறது. தாங்குதிறன் முப்பத்தாறாகச் சுருங்கும். கலத்தின் சொந்த எடையையும் கழித்தால் இயந்திரத்தைத் தாங்கவும் அது போதாது. வெறுங்கலம் நன்கு மிதக்குமே எனச் சிலர் வாதிடுவர். வெறுங்கலத்தோடு தொழிலுக்குப் புறப்படுவார் யார்? கலத்துக்கு இருக்கையின் ஒரு பகுதியை மட்டும் ஒதுக்கி, எடுத்த நுரைக்கு ஈடாகப் பக்கங்களில் நுரை சேர்ப்பதே தக்கது. உள்ளே எண்ணெய் அலைந்து படகைச் சாய்க்காதவாறு தடுப்புத் தகடுகளும் வேண்டும். ஈரநுரையை ஒட்டிக் கிடக்கும் அலுமினியத் தகடு அரிப்புண்ணும் என்பதையும் மறத்தலாகாது.

ஆவியின் ஆபத்து வேறு. பெற்றோல் ஆவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. மூடிய இருக்கையடியில் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். எனவே எண்ணெய் ஊற்றும் வாயும் ஆவி வெளியேறும் குழாயும் படகுக்கு வெளியே திறக்கவேண்டும். இருக்கையடியிலும் காற்றோட்டம் வேண்டும். கண்டி வாவியின் நடுவேயுள்ள தீவை ஆங்கிலேயர் வெடிமருந்துக் களஞ்சியமாகப் பயன்படுத்தினர். ஆபத்தை நீரால் வேலியிட்டு மனிதரிடமிருந்து பிரித்தது அவ்வேற்பாடு. நாமோ நீரின் நடுவே ஆபத்தின் மேலேயே அமர்ந்து செல்கின்றோம்.

இவையனைத்தும் கைவினை நுணுக்கங்கள், திருத்திக்கொள்ளலாம். திருத்த இயலாதது பிறிதொன்று. 1990களில் வடக்கே எரிபொருள் தடைப்பட்டபோது இயந்திரங்கள் பல ஓய்ந்தன. 2022-இல் நாடெங்கும் எண்ணெய் அற்றபோது கரைகளிலே படகுகள் வரிசையாகக் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. கலமாக மாறிய இருக்கையில் வலிப்பவனுக்குக் கால் ஊன்ற இடமில்லை; துடுப்பை மாட்டும் கொளுவியும் எப்போதோ கழற்றப்பட்டுவிட்டது.

1985-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் கண்டியிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. நம் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்போர் பெரும்பாலும் இயந்திரமற்ற சிறு ஓடங்களையே பயன்படுத்துகின்றனர். 1990-இல் நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டு 1994-இல் மீண்டது; அவ்விடைக்காலத்தையும் அவ்வோடங்கள் கடந்துவந்தன. அவற்றின் குறுக்குப் பலகை இன்றும் பழைய இரு தொழில்களையே செய்துகொண்டிருக்கின்றது. புதிதாகக் கல இருக்கை அமைக்க விரும்பும் மாணவர் எவரேனும் இருப்பின், அளவுகோலுடன் முதலில் அங்கே சென்று, வலிப்பவனின் குதிகாலுக்கும் அவன் அமரும் பலகைக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து வரட்டும்.